தெரியாது என்ற சொல்

1945 ஏப்ரல் 16. ஜெர்மனியின் வைமர் நகரிலிருந்து சுமார் ஆயிரம் பேர், அமெரிக்க ராணுவத்தின் உத்தரவுப்படி, பக்கத்துக் குன்றின் மீது ஏறினார்கள். ஊரிலிருந்து 8 கி.மீ. தொலைவில் இருந்தது புக்கன்வால்ட் வதைமுகாம். கவிஞர் கதே வாழ்ந்த ஊர் வைமர். அந்த ஊர்க்காரர்கள் முகாமின் முற்றத்தில் குவிந்து கிடந்த பிணங்களைப் பார்த்தார்கள். பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் காட்சிகளைப் படமெடுத்தவர்களில் ஒருவர் 'லைஃப்' பத்திரிகையின் மார்கரெட் பர்க்-ஒயிட். மறு ஆண்டு இந்தியா வந்து, ராட்டையருகே அமர்ந்திருந்த காந்தியைப் படம் பிடித்தாரே, அதே பெண்மணிதான். "எங்களுக்குத் தெரியாது" என்ற வாக்கியத்தை ஜெர்மனியில் திரும்பத் திரும்பக் கேட்டதாக அவர் எழுதியிருக்கிறார்.

உலகப் போர் பற்றிய கட்டுரைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போதெல்லாம் இந்த வாக்கியம் எனக்கு எதிர்ப்படும். மொழிபெயர்க்க மிக எளிதானது. ஆனாலும் பேனா அங்கே சற்று நிற்கும். 'அறியோம்', 'தெரியாது', 'கேள்விப்படவில்லை', 'கேட்டுக்கொள்ளவில்லை' இவையெல்லாம் தமிழில் ஒரே பொருள் தருபவை அல்ல. எது பொருந்தும் என்று தீர்மானிக்க, அந்த மக்களுக்கு என்னதான் தெரிந்திருந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், மறைக்கப்படாதவை. டாக்காவ் முகாம் 1933 மார்ச்சில் திறக்கப்படுவதை மியூனிக் பத்திரிகைகளே செய்தியாக வெளியிட்டன. 1938 நவம்பரில் நாடெங்கும் யூத வழிபாட்டுத் தலங்கள் எரிந்தன. சுமார் 30,000 யூத ஆண்கள் கைது செய்யப்பட்டார்கள். நடந்தது நடுத்தெருவில். மூண்டால் உலகப் போர், அதன் முடிவு ஐரோப்பிய யூத இனத்தின் அழிவு என்று 1939 ஜனவரி 30 அன்று நாடாளுமன்றத்தில் ஹிட்லர் முழங்கினார். 1941 செப்டம்பர் முதல் ஜெர்மானிய யூதர்கள் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்றானது. அதே ஆண்டு நவம்பரில் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ், தலைவரின் அந்த ஆருடம் பலித்துவருகிறது என்று 'தாஸ் ரைஹ்' வார இதழில் கையெழுத்திட்டு எழுதினார்.

அடுத்து, கண்ணெதிரே நடந்தவை. 1941 அக்டோபர் முதல் ஜெர்மனியின் நகரங்களிலிருந்து யூதர்களைக் கிழக்கே அனுப்பும் ரயில்கள் புறப்பட்டன. மூட்டை முடிச்சுகளோடு ஸ்டேஷனுக்கு நடந்தவர்களை அண்டை வீட்டார் பார்த்தார்கள். ரயில்வே இதற்குக் கட்டணம் வசூலித்தது. தலைக்கு, கிலோமீட்டர் கணக்கில், மூன்றாம் வகுப்புக் கட்டணம். சிறுவர்களுக்கு அரைக் கட்டணம். 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். இதையெல்லாம் கணக்கெழுதிய குமாஸ்தாக்கள் இருந்தார்கள். திரும்பும் பயணத்துக்குக் கட்டணம் எதுவும் போடப்படவில்லை என்பதும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

போனவர்களின் கட்டில், மேஜை, போர்வை, சமையல் பாத்திரம் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஹாம்பர்க் துறைமுகத்தில் மற்ற நாட்டு யூதர்களின் வீட்டுச் சாமான்களும் வந்து இறங்கின. அந்த வட்டாரத்தில் மட்டும் குறைந்தது ஒரு லட்சம் பேர் இந்தப் பொருட்களை வாங்கினார்கள் என்று கணக்கிடுகிறார் வரலாற்று ஆய்வாளர் ஃபிராங்க் பயோர். வீட்டுக்காரர் திரும்பி வருவார் என்று நம்புகிறவர் அவருடைய கட்டிலை வாங்கிப் போடமாட்டார்.

மூன்றாவது, காதோடு காதாக வந்தவை. கிழக்கு முனையிலிருந்து விடுப்பில் வந்த சிப்பாய்கள் பேசினார்கள். லவ்பாக் என்ற சிற்றூரின் நீதிமன்றத்தில் அதிகாரியாக இருந்தவர் ஃப்ரீட்ரிஹ் கெல்னர். போலந்தில் யூத ஆண்களையும் பெண்களையும் நிர்வாணமாக்கிக் குழியின் முன் நிறுத்திச் சுட்டதைக் கண்ட ஒரு சிப்பாய் சொன்னதை, 1941 அக்டோபரிலேயே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். டிரெஸ்டனில் பேராசிரியர் வேலை பறிக்கப்பட்டு, யூதர்களுக்கென ஒதுக்கப்பட்ட வீட்டில் அடைபட்டுக் கிடந்த விக்டர் கிளெம்பரருக்கு 1942 மார்ச்சில் ஆஷ்விட்ஸ் என்ற பெயர் எட்டிவிட்டது. அதே ஆண்டு கோடையில், போலந்தில் மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டுவிட்டதாக 'வெள்ளை ரோஜா' மாணவர்கள் மியூனிக்கில் துண்டுப்பிரசுரம் வெளியிட்டார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். விஷவாயு அறைகளின் விவரம் பெரும்பாலானவர்களை எட்டவில்லை. அழிப்பு முகாம்கள் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் இருந்தன. அயல்நாட்டு வானொலி கேட்பது 1939 முதலே குற்றம். தலைக்கு மேல் குண்டு விழும்போது மற்றவர் கதியை யார் விசாரிப்பார்கள்? மொத்தம் 60 லட்சம் என்ற எண்ணிக்கை போருக்குப் பிறகே உலகுக்குத் தெரிந்தது. முழுப் படமும் தெரியாது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுப் படமும் தெரியாததும் ஒன்றுமே தெரியாததும் ஒன்றா?

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் எனக்கு இலக்கணம் நினைவுக்கு வருகிறது. தமிழில் 'ஆம்' என்று ஒரு சிறு ஒட்டு இருக்கிறது. 'சுட்டார்கள்' என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். 'சுட்டார்களாம்' என்றால் யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான். செய்தி வந்து சேர்ந்துவிடும். பொறுப்பு வந்து சேராது. பிறர் கூற்றை இப்படித் தள்ளி வைத்துச் சொல்ல ஜெர்மன் மொழியிலும் ஒரு வினை வடிவம் உண்டு. ஒரு தேசமே நான்கு ஆண்டுகள் இந்த 'ஆம்' போட்டுப் பேசியிருக்கிறது என்று தோன்றுகிறது.

தகுதி வழக்கில் குழூஉக்குறி என்று ஒன்றைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார். அது அவர்கள் குழுவுக்குள் மட்டும் புரியும். கொலையை 'சிறப்பு நடவடிக்கை' என்றும், நாடுகடத்தலை 'வெளியேற்றம்' என்றும் நாஜிகள் எழுதியதும் குழூஉக்குறிதான். ஆனால் குழுவுக்கு வெளியே தெருவெங்கும் அர்த்தம் தெரிந்துவிட்ட பிறகு ஒரு குழூஉக்குறியால் என்ன பயன்? பயன் இருந்தது. அது உண்மையை மறைக்கவில்லை. உண்மையை வாயால் சொல்லாமலிருக்க உதவியது. மொழியறிஞரான கிளெம்பரர், உயிர் பிழைத்ததும் 1947இல் வெளியிட்ட நூல் நாஜிகளின் இந்தச் சொற்களைப் பற்றியதுதான் என்பதில் வியப்பில்லை.

பயம் காரணமில்லையா? காரணம்தான். 'வெள்ளை ரோஜா'வின் சோபி ஷோலுக்கு 21 வயதில் தலை போயிற்று. ஆனால் பயம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியவில்லை. மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசு கொல்கிறது என்று 1941 ஆகஸ்ட் 3 அன்று ம்யூன்ஸ்டர் பிஷப் கேலன் பிரசங்க மேடையிலிருந்தே குற்றம் சாட்டினார். பிரதிகள் கைமாறிப் பரவின. அந்த மாதமே, 70,000 பேரை பலிகொண்ட அந்தத் திட்டத்தை நிறுத்த ஹிட்லர் உத்தரவிட்டார். பிறகு கொலைகள் ரகசியமாகத் தொடர்ந்தன என்பது வேறு. 1943இல் பெர்லினின் ரோசன்ஸ்ட்ராஸ தெருவில், பிடித்து வைக்கப்பட்ட தங்கள் யூதக் கணவர்களுக்காக மனைவிமார்கள் நாட்கணக்கில் நின்றார்கள். கணவர்களில் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டார்கள். போராட்டம்தான் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். என்னை உறுத்துவது வேறு. கொல்லப்படுபவர் தம்மவர் என்றபோது ஜெர்மானியர்களுக்குத் தெரிந்தது, குரலும் வந்தது. யூதர்கள் என்றபோது 'ஆம்' வந்தது.

கெல்னரை நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் ரகசிய ஆவணம் எதுவும் இல்லை. செய்தித்தாள்கள், ஊர்ப்பேச்சு, விடுப்பில் வந்த சிப்பாயின் கதை. எல்லோரிடமும் இருந்தவைதான். செய்திகளை வெட்டி ஒட்டி, பக்கத்தில் தன் கருத்தை எழுதினார். பத்து நோட்டுப் புத்தகங்கள். ஜெர்மனியில் அவை நூலாக வெளிவந்தது 2011இல்தான். அவர் செய்ததெல்லாம், கேட்டதை 'ஆம்' போடாமல் எழுதியதுதான்.

செய்தி மேஜையில் இருக்கும் எனக்கு இது அந்நிய நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. ஏதோ ஒரு மூலையிலிருந்து தினமும் ஒரு சொல் வருகிறது: நடவடிக்கை, அப்புறப்படுத்தல், இடமாற்றம். மூலத்தில் உள்ளதைத் தமிழில் தருவது என் வேலை. சொல்லை மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆனால் யார், யாரை, எங்கே அப்புறப்படுத்தினார்கள் என்று செய்தியாளரிடம் கேட்க உரிமை இருக்கிறது. கேட்டால் அச்சுக்குப் போக அரை மணி நேரம் தாமதமாகும். அவ்வளவுதான் விலை.

மேற்கோளுக்குள் இருக்கும் வாக்கியத்தில் கை வைப்பது முறையல்ல. எனவே வைமர் மக்களுக்கு "தெரியாது" என்றே எழுதுகிறேன். மேற்கோள் குறி முடிந்த பிறகு வரும் அடுத்த வாக்கியம், அவர்களுக்குத் தெரிந்தவற்றின் பட்டியலாக இருக்கும்.