மூணு செகண்டில் வந்த பதில்

இது கொஞ்சம் நீளமான இழை. கிளினிக், லேப், மருந்துக்கடை நடத்துறவங்க, வெப்சைட்டில் லைவ் சாட் வைத்திருந்தால் அவசியம் படியுங்கள்.

நான் பார்க்கும் கிளினிக் சின்னது. வெப்சைட் செய்து கொடுத்தவங்க வலது மூலையில் ஒரு சாட் பெட்டி வெச்சாங்க. ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் படம். "வணக்கம்! 24 மணி நேரமும் உங்களுக்காக இருக்கிறோம்." அந்த வாசகத்துக்கு ஓகே சொன்னது நான்தான். ராத்திரி எட்டுக்கு மேல் அதுக்குப் பின்னாடி ஒரு ஆளும் கிடையாதுன்னு தெரியும். வெப்சைட்னா இப்படித்தான் எழுதுவாங்கன்னு விட்டுட்டேன்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒருத்தர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. (அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாமல் எழுதுகிறேன்.) சட்டை வேர்வையில் நனைஞ்சிருந்தது. ஈசிஜி எடுத்தோம். மாரடைப்பு. ஆஸ்பிரின் மெல்லக் கொடுத்துவிட்டு 108-க்கு போன் போட்டோம்.

"எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"நைட்டு பதினொன்றரை இருக்கும் சார்."

"அப்பவே எங்கயாவது போயிருக்கலாமே?"

"உங்களுக்குத்தான் சார் மெசேஜ் போட்டோம். ரிப்ளையும் வந்துச்சே!"

போனைக் காட்டினாங்க. நெஞ்சு அடைக்குது, வேர்க்குது, டாக்டர் இருக்காரான்னு கேட்டிருக்கார். எங்க பெட்டி பேரும் நம்பரும் கேட்டிருக்கு. கொடுத்திருக்கார். "நன்றி! எங்கள் பிரதிநிதி விரைவில் தொடர்புகொள்வார்." அதுக்குக் கீழே முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி.

போன் அடிச்சு யாரும் எடுக்கலைன்னா மனுஷன் வேற ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுவான். பதில் வந்ததால அவங்க உட்கார்ந்து காத்திருந்தாங்க. ஏழரை மணி நேரம்! அடைப்பு விழுந்த பிறகு ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும்.

அந்த மாச ரிப்போர்ட்டில் இந்த உரையாடல் எப்படிப் பதிவாகியிருந்தது தெரியுமா? "புதிய வாடிக்கையாளர். பதில் நேரம்: 3 செகண்ட். வெற்றி." பேரும் நம்பரும் கிடைத்துவிட்டால் அவங்க கணக்கில் அது வெற்றி.

கம்பெனிக்காரரிடம் கேட்டேன். அவசர வார்த்தைகளைப் பிடிக்க வசதி இருக்காம், ஆனா இங்கிலீஷ் வார்த்தைக்கு மட்டும். நம்ம ஆளுங்க தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பாங்க, ஸ்பெல்லிங் ஆளுக்கு ஒண்ணு. அவரைச் சொல்லிக் குத்தமில்லை. துணிக்கடைக்குச் செஞ்சதையேதான் எங்களுக்கும் மாட்டினார். அவசரநிலை என்றால் நோயாளியை உடனே நேரில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லணும்னு 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதலில் இருக்கு. அதைப் படிச்சிருக்க வேண்டியது நான்.

பெட்டியை மொத்தமா எடுக்கவில்லை. ரிசப்ஷனில் நாலு பேர் முன்னாடி கேட்கக் கூச்சப்படும் மூலம், வெள்ளைப்படுதல் எல்லாம் அதில்தான் வருது. பகலில் எங்க நர்ஸ் அக்காவே பதில் போடுறாங்க. எட்டு மணிக்குப் பெட்டி மூடிடும். "இப்போது இங்கே யாரும் இல்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் இழுத்தல் என்றால் உடனே 108" என்ற வரி மட்டும் நிற்கும். தள்ளுபடி விளம்பரத்தைத் தூக்கிட்டோம்.

அவர் பிழைத்துவிட்டார். பம்பிங் 35 சதவீதம்தான், ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. ரிவ்யூவுக்கு வந்தப்போ நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அந்தப் பொண்ணைத் திட்டிடாதீங்க சார், நைட்டு தூங்கியிருக்கும்" என்றார். அப்படி ஒரு பொண்ணே இல்லைன்னு சொல்ல எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு.

இன்னைக்கு ராத்திரி பதினொன்றரைக்கு உங்க வெப்சைட்டைத் திறந்து, நெஞ்சு அடைக்குதுன்னு நீங்களே டைப் பண்ணிப் பாருங்க.