ரெண்டரையும் ரெண்டரையும்

ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டரை. நோட்டுப் புத்தகத்தில் இது சரி. நிலத்தில் எப்படி என்று கிருஷ்ணகிரி பக்கத்து அண்ணன் தம்பி இருவரைக் கேட்டால் சொல்வார்கள்.

ஐந்து ஏக்கர் மானாவாரி செம்மண். பாறைக் கரட்டின் அடியில் தொடங்கி ஓடை வரை சரிந்து போகும். அப்பா காலமானதும் சரிவின் நடுவே குறுக்காக ஒரு வரப்பு போட்டார்கள். அண்ணனுக்குப் பள்ளம், தம்பிக்கு மேடு.

"உனக்கும் ரெண்டரை, எனக்கும் ரெண்டரை. இதுல என்னடா குறைச்சல்?"

"பத்திரத்துல ஒண்ணும் குறைச்சல் இல்லண்ணா."

குறைச்சல் மண்ணுக்குள் இருந்தது. மழை விட்டுப் பத்து நாளானால் தம்பியின் நிலக்கடலை தலை தொங்கும், அண்ணன் பக்கம் பச்சை மாறாது. இத்தனைக்கும் இரண்டு பக்கமும் பெய்தது ஒரே மழைதான்!

காரணம் இதுதான். மண் தாங்கும் அளவுக்கு மேல் நனைந்துவிட்டால், மிச்ச நீர் கீழே இறங்கிப் பார்க்கும். அடியில் இறுகிய மண்ணோ பாறையோ தடுத்தால், மண்ணுக்குள்ளேயே சரிவுப் பக்கமாக நகரும். அதாவது அண்ணன் நிலத்துக்குத் தன் மழையோடு தம்பியின் மழையிலும் ஒரு பங்கு. பள்ளம் கிண்ணம் போலக் குழிந்திருந்தால் பல பக்கத்து நீரும் அங்கேதான் சேரும். மேடு முதுகு போலப் புடைத்திருந்தால் நீர் பிரிந்து ஓடிவிடும். போதாததற்கு, பல வருட மழையில் மேட்டின் நைஸான மண்ணும் மட்கும் கீழே வந்து படிந்திருக்கும். ஈரத்தைப் பிடித்து வைப்பதே அவைதானே!

அப்படியானால் பள்ளம்தான் எப்போதும் உசத்தியா? அவசரப்படாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் அருகே தர்ராவர்ரா என்றொரு மேய்ச்சல் நிலம். 1995-96ல் ஆண்ட்ரூ வெஸ்டர்ன், ரோட்ஜர் கிரேசன் முதலிய ஆய்வாளர்கள் அங்கே 10.5 ஹெக்டேரில், ஒரு தடவைக்குச் சுமார் 500 இடங்கள் வரை, மேல் 30 செ.மீ. மண்ணின் ஈரத்தை அளந்தார்கள். ஒரே நாளில் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் இருந்த ஈர வித்தியாசத்தில் 61 சதவீதம் வரை மேடுபள்ளத்தை வைத்தே சொல்ல முடிந்தது. ஆனால் இது நிலம் நனைந்திருந்த நாட்களில் மட்டும். காய்ந்த நாட்களில் 22 சதவீதத்தைத் தாண்டவில்லை. மண் காய்ந்துவிட்டால் நீர் பக்கவாட்டில் நகர்வது நின்றுபோகிறது. அந்தந்த இடத்து மழையும் வெயிலும் வேரும்தான் பிறகு கணக்கு.

சகோதரர்கள் இந்த ஆய்வைப் படித்ததில்லை, அனுபவித்தார்கள். 2016ல் மழை பொய்த்தபோது பள்ளமும் வெடித்தது. வருவதற்கு மேட்டிலும் ஈரம் இல்லை. 2021ல் மழை விடாமல் அடித்தபோது, பிடுங்க வேண்டிய கடலை அண்ணன் நிலத்தில் தண்ணீருக்குள் நின்று முளைத்தது, அழுகியது. தம்பிக்கு அந்த வருடம் நல்ல மகசூல். பேச்சுவார்த்தை அறவே நின்றதும் அந்த வருடம்தான்.

வழி சொன்னவர் அம்மா. "குறுக்கே இருக்கிற வரப்பை எடுத்துட்டு மேலேருந்து கீழே ஒரே கோடாப் போடுங்கடா." ஆளுக்கு ஒரு நீளத் துண்டு, இருவருக்கும் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. சிதறிய நிலவுடைமை விவசாயத்துக்குக் கேடு என்று பொருளாதாரப் புத்தகங்கள் எழுதுகின்றன. அந்தச் சிதறலுக்குள் இப்படி ஒரு காப்பீடும் ஒளிந்திருப்பதை அவை அவ்வளவாகச் சொல்வதில்லை.

புதுச் சிக்கல் ஒன்றும் கூடவே வந்தது. ஒடுங்கிய துண்டில் சரிவோடு மேலும் கீழுமாக உழுவது சுலபம், ஆனால் அந்தச் சால் வழியே மண் முழுக்க ஓடைக்குப் போய்விடும். குறுக்கே உழுதாலோ டிராக்டர் அடிக்கடி திரும்ப வேண்டும், வாடகை மணிக்கணக்கு! இப்போது உழவின்போது மட்டும் வரப்பு இல்லை. இரண்டு துண்டையும் சேர்த்துக் குறுக்கே உழுகிறார்கள். விதைப்புக்கு முன் கயிறு பிடித்து மறுபடி வரப்பு கட்டுகிறார்கள். டிராக்டர் வாடகை ஆளுக்குப் பாதி.