ஒக்கி சென்ற வழி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தேங்காய்ப்பட்டணத்தை அடுத்து ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தைக் கடந்தால், இரையுமன்துறை முதல் கேரள எல்லையிலுள்ள நீரோடி வரை எட்டு மீனவ ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஒருபுறம் கடல், மறுபுறம் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். இடையேயுள்ள ஒடுங்கிய மணல் திட்டில் நெருக்கமான வீடுகள். அவற்றுக்கு மேலே ஆலயக் கோபுரங்கள். அலைகளைத் தடுக்கக் கருங்கற்களால் அமைத்த தூண்டில் வளைவுகள் ஆங்காங்கே கடலுக்குள் நீண்டு நிற்கின்றன.

இவ்வூர் மக்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில், குறிப்பாகச் சுறா வேட்டையில், பெயர் பெற்றவர்கள். கொச்சித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, இலட்சத்தீவுக்கும் அப்பால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள். விண்மீனும் கச்சானும் வாடையும் நீரோட்டமும் இவர்களுக்குப் பாடநூல்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மிடம், "ஐப்பசி, கார்த்திகையில் புயல் வங்கக் கடலுக்கு என்பதே எங்கள் பாட்டன் காலத்துக் கணக்கு, சாமி" என்றார். அக்கணக்குக்கு ஆதாரம் இல்லாமலில்லை. முற்காலத்தில் வங்கக் கடலில் ஏறக்குறைய நான்கு புயல்கள் தோன்றினால், அரபிக் கடலில் ஒன்றுதான் தோன்றும்.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மறுநாள் மீனவரான திருத்தூதர் புனித அந்திரேயாவின் திருநாள். கோட்டாறு சவேரியார் திருவிழாக் காலமும் அதுவே. அன்று காலையிலேயே அது 'ஒக்கி' என்னும் புயலாகிக் குமரிமுனைக்குத் தெற்கே கடந்து சென்றது. பின்னர் இலட்சத்தீவை நோக்கி மேற்கே நகர்ந்து, மேலும் வலுப்பெற்று, வடக்கே திரும்பி, டிசம்பர் 5 இரவில் குஜராத்தின் சூரத் அருகே தளர்ந்து ஓய்ந்தது. நம் மீனவர் தொழில் செய்யும் வழியே புயலின் வழியும் ஆயிற்று! ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை.

புயல் தானாக வழி தேர்ந்துகொள்வதில்லை. ஆற்றில் விழுந்த இலையை நீர் இழுத்துச் செல்வதுபோல், மேலடுக்குக் காற்று அதனை இழுத்துச் செல்கிறது. பூமியின் சுழற்சி அதனைச் சற்றே துருவத்தின் பக்கம் சாய்க்கிறது. வடக்கேயிருந்து மேலைக்காற்றின் ஆதிக்கம் இறங்கி வந்தால், புயல் வடகிழக்காகத் திரும்பிவிடுகிறது. ஒக்கி திரும்பியதும் இவ்வாறே.

ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமுள்ள கடல்நீரே புயலுக்கு உணவு. மனிதர் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் உலகைச் சூடாக்க, அரபிக் கடலும் விரைந்து வெப்பமடைந்து வருகிறது. 2019-இல் கியார், 2021-இல் டவ்தே, 2023-இல் பிபர்ஜாய் என வலிய புயல்கள் அங்கே எழுந்தன. 1982 முதல் முப்பதாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், புயல்கள் உச்ச வலிமை பெறும் இடம் பத்தாண்டுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலாகத் துருவங்களை நோக்கி நகர்ந்திருப்பதைக் கண்டனர். மேற்குப் பசிபிக்கில் இது தெளிவாகத் தெரிகிறது. தனியொரு புயலைச் சுட்டி, இது முற்றிலும் வெப்பத்தின் விளைவு என அறிவியலார் கூறார். ஆயினும் கடலும் காற்றும் மாறும்போது, புயலின் வழி மட்டும் பழையபடி இருக்கும் என்று நம்பியிருத்தல் விவேகமாகாது.

உலகை நமது பொது இல்லம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தமது சுற்றுமடலில் நினைவூட்டினார். அவ்வில்லத்தைச் சூடாக்கியதில் மிகக் குறைந்த பங்குடைய ஏழை மீனவரே முதலில் விலை கொடுக்கின்றனர். இது நீதியன்று.

அன்பார்ந்த குடும்பங்களே! ஒக்கியின் நாட்களில் கடலில் எத்தனை பேர் இருந்தனர் என்பது உடனே எவருக்கும் தெரியவில்லை. பங்குகள்தாம் வீடு வீடாக விசாரித்துப் பட்டியல் எழுதின. அப்பட்டியல் இனிப் படகு புறப்படும் முன்பே எழுதப்படட்டும். செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவி இன்று கிடைக்கிறது. அஃதின்றிப் படகு கரையை விட்டு நீங்க வேண்டாம். வானிலை அறிவிப்பு ஆலய ஒலிபெருக்கியிலும் ஒலிக்கட்டும். படகில் ஆண்டவர் உடனிருந்தபோதும் புயல் வந்தது. அவரை நம்புவோர் விழித்திருக்கவும் கடமைப்பட்டவர்களே.