பஞ்சு போகிறது, துணி வருகிறது

தான்சானியா எதை வாங்குகிறது, யாரிடம் வாங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள தார் எஸ் சலாம் நகரின் காரியாக்கோ சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினாலே போதும். கெரெசானி நிறுத்தத்தில் விரைவுப் பேருந்திலிருந்து இறங்கினேன். பேருந்து சீனத் தயாரிப்பு. வாசலில் சவாரிக்குக் காத்திருந்த இளைஞர்களின் பைக்குகள் பஜாஜ் பாக்சர், டிவிஎஸ் எச்எல்எக்ஸ். டிவிஎஸ் ஆலை உள்ள ஓசூர்க்காரர் யாராவது பார்த்தால் மகிழ்ந்துபோவார்.

காங்கோ தெருவுக்குள் நுழைந்தால் நடக்க இடமில்லை. தரையில் தார்ப்பாய் விரித்துச் செருப்பு, செல்போன் உறை, பிளாஸ்டிக் பாத்திரம், குழந்தைகளுக்கான சட்டை என்று குவித்திருக்கிறார்கள். பெரும்பாலும் சீனச் சரக்கு. மாடிகளில் மொத்த வியாபாரம் நடக்கிறது. சாம்பியா, காங்கோ, மலாவி வியாபாரிகளும் இங்கேதான் கொள்முதல் செய்கிறார்கள். அவர்கள் வாங்கிய மூட்டைகளைக் கயிறு போட்டு இறுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றுகிறார்கள். "வழி, வழி" என்று கத்திக்கொண்டே வண்டிக்காரர் கூட்டத்தைப் பிளந்து போகிறார். இந்தத் தெருக்கள் அடைபட்டால் அரசாங்கமே ஆடிப்போகும். 2023 மே மாதத்தில் வரிக் கெடுபிடியை எதிர்த்து வியாபாரிகள் கடையடைப்பு நடத்தியபோது, அப்போதைய பிரதமர் காசிம் மஜாலிவா நேரில் வந்து பேச வேண்டியிருந்தது.

நான் அதிக நேரம் நின்றது உஹுரு தெருவில். இங்கே வரிசையாகக் காங்கா கடைகள். காங்கா என்பது கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்களின் அன்றாட உடை. இரண்டு துணிகள் வெட்டாமல் ஒரே நீளமாக வரும். வாங்கியவர் வெட்டி, ஓரம் அடித்து, ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு மற்றதைத் தோளிலோ தலையிலோ போட்டுக்கொள்வார். நான்கு பக்கமும் கரை, நடுவில் பெரிய பூவோ முந்திரிப் பழமோ, அதற்குக் கீழே சுவாஹிலியில் ஒரு வாசகம். பூவைப் பார்ப்பதற்கு முன்னால் பெண்கள் வாசகத்தைத்தான் படிக்கிறார்கள்.

கடைக்கார அம்மா ஒரு மடிப்பைப் பிரித்து விரித்தார். "எங்கே நெய்தது?" என்று கேட்டேன். ஓரத்தைத் திருப்பிக் காட்டினார்: "மேட் இன் இந்தியா". "உங்க ஊர்ச் சரக்குதான் தம்பி" என்று சிரித்தார். பிறகு உள்நாட்டு ஆலைத் துணி ஒன்றையும் எடுத்துப் போட்டார். தொட்டுப் பார்த்தேன், நல்ல கனமான நூல். "இதுவும் நல்ல துணிதான். ஆனா விலையைக் கேட்டதும் எல்லாரும் இந்தியத் துணியைத்தான் எடுக்கறாங்க" என்றார்.

இந்த நாட்டில் பருத்தி விளையாமல் இல்லை. வடமேற்கே சிமியு, ஷின்யாங்கா, முவான்சா பகுதிகளில் லட்சக்கணக்கான சிறு விவசாயிகள் பருத்தி போடுகிறார்கள். அரைவை ஆலையில் கொட்டை நீக்கிய பஞ்சில் பெரும்பகுதி அப்படியே கப்பலேறிவிடுகிறது. நூற்பு, நெசவு, சாயம், அச்சு என்று கூலியும் லாபமும் கிடைக்கிற வேலையெல்லாம் ஆசியாவில் நடக்கிறது. பஞ்சை விற்ற நாடு துணியை விலை கொடுத்து வாங்குகிறது.

தார் எஸ் சலாமின் உபுங்கோ பகுதியில் உராஃபிக்கி ஜவுளி ஆலை இருக்கிறது. சீன உதவியோடு கட்டப்பட்டு 1968-இல் முதல் அதிபர் நியரேரே காலத்தில் திறக்கப்பட்டது. தான்சானியா தன் துணியைத் தானே நெய்யவேண்டும் என்பதுதான் அன்றைய கனவு. பின்னாளில் ஆலை நொடித்துப்போனது. இன்று அதே சீனாவிலிருந்து துணி வந்து இறங்குகிறது.

மளிகைக் கடையிலும் இதே கதைதான். எண்ணெய்ப்பனையின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. தான்சானியாவிலும் தங்கானிக்கா ஏரிக்கரையில் உள்ள கிகோமாவில் அது வளர்கிறது. ஆனால் சந்தையில் விற்கும் பாமாயிலில் பெரும்பகுதி மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருவது. நாட்டின் தெற்கே முத்வாராவில் விளையும் முந்திரியோ பெரும்பாலும் கொட்டையாகவே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் ஆப்பிரிக்க முந்திரிக் கொட்டையில் இந்த மண்ணின் விளைச்சலும் உண்டு. உடைத்துப் பருப்பெடுக்கும் கூலி நம் ஊர்ப் பெண்களுக்குக் கிடைக்கிறது. முத்வாராப் பெண்களுக்கு இல்லை.

இறக்குமதியே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சந்தையை ஒட்டிய மருந்துக்கடையில் அடுக்கியிருந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை இந்தியத் தயாரிப்பு. அந்த மலிவு மருந்து வராவிட்டால் ஏழை நோயாளி என்ன செய்வார்? பைக் வராவிட்டால் பேருந்து நிறுத்த வாசலில் பார்த்த இளைஞர்களுக்குப் பிழைப்பு ஏது?

தான்சானியா உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகள் 2022 ஜூலையில் ஜவுளி, சமையல் எண்ணெய் போன்றவற்றுக்கு 35 சதவீத இறக்குமதி வரி கொண்டுவந்தன. வரி மட்டும் ஆலையை ஓட்டாது. தடையில்லா மின்சாரமும், குறைந்த வட்டிக் கடனும், தேர்ந்த தொழிலாளர்களும் வேண்டும். வாங்குகிற நாடுகளுக்கும் பொறுப்பு உண்டு. வளரும் நாடுகளின் ஒற்றுமை பற்றி இந்தியாவும் சீனாவும் மேடைதோறும் பேசுகின்றன. அது உண்மையானால், தான்சானியாவிடம் பஞ்சுக்குப் பதில் நூலையும், கொட்டைக்குப் பதில் பருப்பையும் அவை வாங்கட்டும்.