இரண்டு பக்கமும் பல்லு

பனிக்காலம் கிட்டினால் கனடாவின் ஸ்காபறோவில் எந்தப் பிறந்தநாள் விழாவிலும் ஆண்கள் இருக்கும் மேசைக்கு ஜெனரேற்றர் கதை வந்துவிடும். போன மாதமும் வந்தது. "எலெக்ரீசியனுக்கு ஏன் அண்ணை காசு? ரெண்டு பக்கமும் பல்லு வைச்ச வயர் ஒண்டு செய்து, ஒரு பக்கத்தை ஜெனரேற்றரிலையும் மற்றதை ட்ரையர் பிளக்கிலையும் குத்தினால் வீடு முழுக்க வெளிச்சம். நாங்கள் ஊரிலை செய்யாததே?" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு எரிச்சல் தந்தது அந்தக் கடைசிக் கேள்விதான்.

ஊரில் என்ன செய்தோம்? 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி பிபிசி தமிழோசை கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்தோம். அந்தக் கெட்டித்தனத்தை யாரும் குறைத்துப் பேச விடமாட்டேன். ஆனால் அது, கம்பத்தில் வேலை செய்ய ஒருவரும் ஏறாத காலத்துக் கெட்டித்தனம். பிழைத்தால் நட்டம் எங்களோடு போகும்.

இங்கே அப்படியில்லை. ட்ரையர் பிளக்கால் ஏறும் கரண்ட் உங்கள் வீட்டோடு நிற்காது. மெயின் பிறேக்கர் போட்டபடி கிடந்தால் தெருவுக்குப் போகும். தெரு ட்ரான்ஸ்போர்மர் எந்தப் பக்கத்தாலும் வேலை செய்யும். உங்கள் 240 வோல்ற்றைப் பல ஆயிரமாக்கி லைனுக்கு அனுப்பும். 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகள் இருண்டபோது, நத்தாரையும் விட்டுவிட்டு வேறு ஊர்களிலிருந்தெல்லாம் லைன்காரர்கள் வந்தார்கள். அடிவாங்குவது அவர்கள். லைனில் கரண்ட் திரும்பி வந்தால் ஜெனரேற்றரும் எரியும். வயரின் மற்ற முனை கழன்றால், கரண்ட் உள்ள பல்லு வெளியே நிற்கும். பிள்ளை தொட்டால் முடிந்தது.

"மெயினை நிப்பாட்டிப்போட்டுத்தானே குத்துவன்" என்பார்கள். நல்லது. இரவு இரண்டு மணிக்கு, நீங்கள் வேலையில் நிற்க, மகன் குத்தினால்?

கனடாவின் ஆஸ்பத்திரிக் காத்திருப்பையும் வீட்டு வரியையும் நான் திட்டாத நாளில்லை. ஆனால் இன்ரர்லொக் என்ற அந்தச் சின்ன இரும்புத் தகட்டுக்கு மட்டும் கும்பிடு போடுவேன். மெயின் பிறேக்கரும் ஜெனரேற்றர் பிறேக்கரும் ஒன்றாக ஏறாதபடி குறுக்கே நிற்கும். ஒன்றை இறக்காமல் மற்றதை ஏற்ற முடியாது. அது உங்கள் ஞாபகத்தையும் நம்பாது, அனுபவத்தையும் நம்பாது. எங்கள் பெடியளின் கெட்டித்தனத்தைத் துளியும் மதிக்காது. இந்த நாட்டில் எனக்குப் பிடித்ததே இந்த நம்பாமைதான். பனலுக்குப் பொருந்தும் தகட்டையோ, ட்ரான்ஸ்பர் சுவிச்சையோ லைசென்ஸ் உள்ளவர் பூட்டவேண்டும். வெளிச்சுவரில் ஜெனரேற்றருக்கென்று தனி இணைப்பு வைக்கவேண்டும். ஒன்ராறியோ மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கவேண்டும். தகடு மலிவு, கூலிதான் கழுத்தை நெரிக்கும். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதற்காகப் பல்லு வயர் பதிலாகாது.

ஜெனரேற்றரைக் கராஜுக்குள் ஓடவிடுவதும் அப்படித்தான். கதவு திறந்திருந்தாலும் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை. வெளியே, யன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள்.

ஊரில் செய்யாததா என்று கேட்கிறவர்களே, ஊரில் செய்ததையே இங்கும் செய்யுங்கள். மின்சாரம் இருந்த காலங்களில் யாழ்ப்பாணத்தில் கடைக்காரர்களும் கலியாண மண்டபக்காரர்களும் சுவரில் சேஞ்ச் ஓவர் சுவிச் பூட்டினார்கள். கைப்பிடி ஒரு பக்கம் நின்றால் மின்சார சபை, மறுபக்கம் நின்றால் ஜெனரேற்றர். இரண்டும் ஒன்றாக வராது. கனடாவின் தகடு செய்கிற வேலையும் அதுதான். பல்லு வயரை ஊரின் தலையில் கட்டாதீர்கள்.