கோனாவின் பொய்யிரைப் பாவாடை

ஓடும் படகுக்குப் பின்னால், கடலின் மேல்நீரில் இழுத்துச் செல்லும் பொய்யிரைக்கு இரண்டு பாகங்கள் உண்டு. முன்னால் இருப்பது கெட்டியான தலை. பின்னால் நாடா நாடாவாகப் பிரிந்து கிடப்பது பாவாடை. தலையின் நடுவே குழாய்போல ஒரு துளை போகும். அதன் வழியே நுழையும் தடித்த தங்கூசி நரம்பு, பாவாடைக்குள் மறைந்திருக்கும் முள்ளில் முடியும். ஹவாய்த் தீவுகளில், குறிப்பாகப் பெரிய தீவின் மேற்குக் கரையான கோனாவில், இத்தகைய இரைகளைப் படகோட்டிகளும் மீன்பிடிப்பவர்களும் தாமே செய்துகொள்ளும் பழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேரூன்றியது. அங்கே புகழெல்லாம் தலைக்குத்தான். தலையை வார்த்தவர் பெயரைச் சொல்லித்தான் இரையை வாங்குவார்கள், விற்பார்கள், சேகரித்தும் வைப்பார்கள். பாவாடை கட்டுவது மிச்ச வேலையாகவே எண்ணப்படுகிறது. கட்டு சரியில்லாத இரை நேராக ஓடாது என்பதை நினைத்தால், இந்த ஏற்றத்தாழ்வு நியாயமானதல்ல.

இந்தத் தொழில் கோனாவில் தழைத்ததற்கு நிலமும் கடலும் காரணம். ஹுவலாலை, மவுனா லோவா என்னும் எரிமலைகள் கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றை மறித்து நிற்பதால் மேற்குக் கரைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடுகிறது. மார்லினும், ஆஹி என்று ஹவாயர்கள் சொல்லும் பெருஞ்சூரையும், நம் வஞ்சிரத்தின் உறவான ஓனோவும் கரைக்குப் பக்கத்திலேயே திரிகின்றன. முந்தின இரவு கொட்டகையில் கட்டிய இரையை மறுநாள் காலையில் மீன் இருக்கும் தண்ணீரில் இழுத்துப் பார்த்துவிடலாம். சரியில்லை என்றால் மாலையில் பிரித்து மறுபடி கட்டலாம். வேறு பல துறைமுகங்களுக்கு இந்த வசதி கிடையாது.

இரையின் பின்புறத்தில் எதையாவது வைத்துக் கட்டும் வழக்கம் அந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல. 1778இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் வருவதற்கு வெகு முன்பே, ஆக்கு எனப்படும் வரிச்சூரையைப் பிடிக்க ஹவாயர்கள் முத்துச்சிப்பியில் இரை செய்தார்கள். சிப்பியின் பளபளக்கும் துண்டு மீனின் உடல். அதன் வயிற்றுப் பக்கம் எலும்பாலான முள். இரண்டையும் பிணைத்தது ஒலோனா என்னும் செடியின் நாரில் திரித்த நூல். முள்ளின் அடியில் பன்றி மயிர்க் கற்றை ஒன்றைக் குறுக்காக வைத்துக் கட்டினார்கள். இரை தண்ணீரில் புரண்டுவிடாமல் ஓட அந்த மயிர்க் கற்றை உதவியது. வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப வெவ்வேறு சாயலுள்ள சிப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் உண்டு. இன்றைய இரைக்காரர்கள் நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவதைக் கேட்டால் அந்தப் பழைய மீனவர்கள் வியப்படைய மாட்டார்கள்.

இன்றைய வடிவத்துக்கு வழி திறந்தவர்களில் முதன்மையாகச் சொல்லப்படுபவர் கோனாவின் படகோட்டி ஹென்றி சீ. மாலியா என்ற படகை ஓட்டியவர். மதுக் கோப்பைகளையே அச்சாக வைத்து ரெசின் ஊற்றித் தலைகளை வார்த்தார். கோப்பையின் சரிந்த சுவர் அப்படியே தலையின் உருவமாயிற்று. ஜார்ஜ் பார்க்கர் குரோம் பூசிய பித்தளைக் குழாயை நறுக்கித் தலை செய்தவர். 1954இல் அவர் 1,002 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிலோ எடையுள்ள நீல மார்லினைப் பிடித்தார். பசிபிக் நீல மார்லினில் ஆயிரம் பவுண்டைத் தாண்டிப் பதிவான முதல் மீன் அது. 1959இல் கோனாவில் தொடங்கிய பன்னாட்டு மீன்பிடிப் போட்டி உலகின் கண்களை இந்தக் கரைப்பக்கம் திருப்பியது. 1982இல் இதே கரையில் பிடிபட்ட 1,376 பவுண்டு மார்லின் அந்த இனத்தின் உலகச் சாதனையாகப் பதிவானது. 1970இல் ஹொனலுலுவிலிருந்து போன படகு ஒன்று 1,805 பவுண்டு மீனையே கொண்டுவந்தது. தூண்டில் கோல் பல கை மாறியதால் அது சாதனைப் பட்டியலில் சேரவில்லை.

அந்த முதல் காலத்தில் பாவாடைக்கென்று கடையில் எதுவும் விற்கவில்லை. கைக்குக் கிடைத்ததெல்லாம் கத்திரிக்கு வந்தது: வண்டிச் சக்கரத்தின் ரப்பர் டியூப், மேசைவிரிப்பு, இருக்கை உறைக்குப் போடும் வினைல் துணி. துண்டை நீள்சதுரமாக வெட்டி, மேலே இரண்டு விரல் அகலத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இரும்பு அளவுகோலைப் பிடித்துச் சவரக் கத்தியால் வரிவரியாகக் கீறுவார்கள். கல்யாணப் பந்தலுக்கு நறுக்கும் குருத்தோலைத் தோரணம்போல, மேலே சேர்ந்தும் கீழே பிரிந்தும் நிற்கும் அந்தத் துண்டைத் தலையின் பின்பகுதியில் சுற்றிக் கட்டினால் வேலை முடிந்தது. பிறகு ஜப்பானிலிருந்து கணவாய் உருவில் அச்சில் வார்த்த மெல்லிய வினைல் பாவாடைகள் வந்தன. நுனி மூடி, உடல் கூம்பி, கீழே நாடாக்களாகப் பிரிந்தவை. நிறங்கள் எண்ணற்றவை. டியூப்பை நறுக்கும் வேலை அத்தோடு குறைந்துபோனாலும் கட்டும் வேலை குறையவில்லை.

தலையின் வார்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிலிக்கோன் ரப்பர் அச்சில், வினையூக்கி கலந்த பாலியெஸ்டர் ரெசினை ஊற்றுகிறார்கள். உள்ளே சிப்பித் துண்டோ கண்ணாடிச் சில்லோ பதித்த ஒரு கரு. வெளியே தெளிந்த ரெசின் பூச்சு. இறுகியதும் தேய்த்து மெருகேற்றி, முகத்தைச் சாய்வாக வெட்டுகிறார்கள் அல்லது கிண்ணம்போலக் குழிக்கிறார்கள். பாவாடைக்காரருக்கு முக்கியமானது தலையின் பின்பகுதி. அங்கே உடல் சட்டென்று ஒடுங்கி, பெரும்பாலும் இரண்டு படிகளாக இறங்கும். முன்படி சற்றே பருமன், பின்படி ஒல்லி. முன்படியில் வெளிப்பாவாடை, பின்படியில் உள்பாவாடை. படியின் ஓரம் கூராக இருந்தால் பாவாடையை அறுக்கும். முழுக்க மழுங்கியிருந்தால் கட்டு வழுக்கும்.

கட்டத் தொடங்கும் முன் பாவாடையின் மூடிய நுனியை வெட்டவேண்டும். அவசரக்காரர் கெடுப்பது இந்த இடத்தில்தான். துளை படியின் பருமனைவிடச் சிறிதாக இருந்தால்தான் வினைல் இழுபட்டுப் பிடிக்கும். எனவே ஒவ்வொரு வளையமாக மெல்ல நறுக்கி, ஒவ்வொரு முறையும் போட்டுப் பார்த்து நிறுத்த வேண்டும். ஒரு வளையம் கூடிப்போனால் அந்தப் பாவாடை அந்தத் தலைக்கு உதவாது. அடுத்து, பாவாடையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, சோப்புத் தண்ணீர் தடவி, தலையின் பின்பக்கமிருந்து ஏற்றுகிறார்கள். நாடாக்கள் முகத்தைத் தாண்டி முன்னோக்கிக் கிடக்கும். முதன்முதல் பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

துளையின் விளிம்பு படியில் உட்கார்ந்ததும் ஈரத்தைத் துடைத்துவிட்டு மெழுகு பூசிய தட்டை நூலால் சுற்றுகிறார்கள். பல்லிடுக்கில் விடும் மெழுகு நூலே பலருக்குப் போதும். தடித்த இரைக்கட்டு நூலும் விற்கிறது. ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல் அருகருகே இறுக்கிச் சுற்றவேண்டும். மேலேறிய சுற்று பிறகு இறங்கித் தளர்ந்துவிடும். கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் முன்கூட்டியே ஒரு தனி நூல் கண்ணியைப் படுக்கவைத்திருப்பார்கள். நூல் முனையை அதில் நுழைத்துக் கண்ணியை இழுத்தால், முனை சுற்றுகளுக்குள் புதைந்துவிடும். முடிச்சே வெளியில் தெரியாது. மேலே ஒரு துளி உடனடிப் பசை. முதலில் முன்படியில் வெளிப்பாவாடையைக் கட்டி முன்னோக்கியே விட்டுவைத்து, பிறகு பின்படியில் உள்பாவாடையைக் கட்டி அதைப் பின்னோக்கி மடித்து, கடைசியில் வெளிப்பாவாடையை அதன்மேல் மடித்துவிடுவது ஒரு முறை.

திருப்பிக் கட்டி மடிப்பதில் பயன் உண்டு. நூல் மடிப்புக்குள் ஒளிந்துவிடுவதால் ஓனோவின் கத்திப் பற்கள் அதை எளிதில் எட்ட முடியாது. எதிரே வரும் தண்ணீருக்கு விளிம்பின் அடியில் புகுந்து பாவாடையைக் கழற்ற வழியில்லை. மடிப்பு தரும் விறைப்பினால் நாடாக்கள் உடலோடு ஒட்டிக்கொள்ளாமல் சற்றே விரிந்து நிற்கின்றன. அந்த விரிவுதான் பாவாடையின் முழு வேலையும். மணிக்கு ஏழிலிருந்து ஒன்பது கடல்மைல் வேகத்தில் இழுபடும் தலை மேலே வந்து காற்றைக் கவ்விக்கொண்டு, மூழ்கி, நெளிந்து, மறுபடி மேலே வருகிறது. மூழ்கும்போது பின்னால் வெண்குமிழிகள் நீளமாகத் தொடரும்; அதைப் ‘புகை’ என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பாவாடை விரிந்து சுருங்குகிறது. பறவைக்கோலாவோ கணவாயோ ஓடுவதாக மீனுக்குப் படுவது தலையும் பாவாடையும் சேர்ந்து செய்யும் இந்த ஆட்டத்தில்.

கட்டு ஒரு பக்கம் தடித்திருந்தால் இரை அந்தப் பக்கம் சாய்ந்து சுழலும். சுழலும் இரை நரம்பை முறுக்கிக் கெடுக்கும். பாவாடை கனமாகவோ நீளமாகவோ இருந்தால் தலையின் ஆட்டத்தை அது பிடித்து நிறுத்திவிடும். மூன்று பாவாடை போட்டால் அழகு கூடும் என்று நினைத்துப் போட்ட இரைகள் பல மரக்கட்டைபோல நேராக ஓடியதுண்டு. வாலைக் கத்தரிப்பதற்கும் அளவுண்டு. முள்ளின் வளைவு நாடாக்களின் நுனிக்குச் சற்று உள்ளே மறையவேண்டும். முள்ளைத் தாண்டி நெடுக நீண்டால் மீன் வாலை மட்டும் கடித்துப் போகும்.

பளபளப்பு இனி. உள்பாவாடைக்கும் வெளிப்பாவாடைக்கும் நடுவே மைலார் இழைகள், வெள்ளித்தாள் கீற்றுகள், இருட்டில் மினுங்கும் வினைல் ஆகியவற்றைச் செருகிக் கட்டுவது வழக்கம். கறுப்பும் ஊதாவும், நீலமும் வெள்ளையும், பச்சையும் மஞ்சளும் கோனாவில் நெடுநாளாகப் பேர்பெற்ற ஜோடிகள். மார்லின் வகை மீன்களின் விழித்திரையை ஆராய்ந்தவர்கள் அவற்றுக்கு நிறம் பிரித்தறியும் திறன் உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். கண்ணையும் மூளையையும் சூடாக வைத்திருக்கும் தனி உறுப்பும் அவற்றுக்கு உண்டு. ஆனால் மீன் பெரும்பாலும் கீழிருந்து, வெளிச்சமான வானத்தைப் பின்னணியாக வைத்து இரையைப் பார்க்கிறது. அங்கே தெளிவாகத் தெரிவது நிழலுருவும், இழைகள் திரும்பும்போது தெறிக்கும் மினுக்கும்தான். அதனால்தான் அடர்நிறத்தோடு ஒரு வெளிர்நிறத்தைச் சேர்க்கும் பழக்கம் நிலைத்திருக்கிறது. கடைச் சுவரில் தொங்கும் மற்ற நூறு நிறங்களில் பாதியாவது வாங்குகிறவரின் கண்ணுக்காகச் செய்தவை. மினுக்கு இழையையும் கைநிறைய வைக்கக்கூடாது; கொத்தாகச் சேர்ந்தால் ஈரத்தில் ஒட்டி ஒரே கயிறாகிவிடும்.

நூலால் கட்டாமல் வினைல் பசையால் ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. வேலை விரைவில் முடியும், பிடிப்பும் உறுதி. ஆனால் மீன் கடித்துக் கந்தலான பாவாடையை மாற்ற வேண்டிவரும்போது ஒட்டியதைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு, படிகளும் காயப்படும். வாடகைக்குப் படகு விடுகிறவர்களின் உதவியாட்களுக்கு இது அன்றாடக் கவலை. நல்ல தலை பல ஆண்டு உழைக்கும். பாவாடையோ ஓனோக் கூட்டம் ஒன்றைச் சந்தித்தாலே போய்விடும். நூல் கட்டாக இருந்தால் மடிப்பைப் பிரித்து, கத்தி முனையைப் படியிலிருந்து விலக்கிப் பிடித்து நூலை மட்டும் அறுத்து, பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றிவிடலாம்.

கட்டி முடித்த இரைகளை நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாத இடத்தில் உலர்த்தி, நாடாக்கள் மடியாதபடி நேராகத் தொங்கவிடுகிறார்கள். மடிந்து கிடந்த வினைல் அந்த மடிப்பிலேயே தங்கிவிடும். வெவ்வேறு நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் சாயம் ஊறி, வெள்ளைப் பாவாடை சிவப்பாகிவிடும். ஒவ்வொரு இரைக்கும் தனித்தனி அறை தைத்த வலைத்துணிப் பைகள் இதற்காகவே விற்கின்றன.