அகஸ்தீஸ்வரம்: வேட்பாளர்களின் ஊர்

கன்னியாகுமரிக்கு அருகே, கொட்டாரத்தை அடுத்து இருக்கிறது அகஸ்தீஸ்வரம் பேரூராட்சி. தோவாளையோடு சேர்ந்து நாஞ்சில் நாடாக அறியப்படும் வட்டத்துக்கு இந்த ஊரின் பெயர்தான். வட்டாட்சியர் அலுவலகம் மட்டும் நாகர்கோவிலில். அய்யா வைகுண்டரின் சாமிதோப்பு பக்கத்திலேயே இருக்கிறது. ஊருக்குள் விவேகானந்தா கல்லூரி. 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்த மண் தமிழகத்தோடு இணைந்தது.

தென்னையும் பனையும் நிறைந்த பூமி. ஆனால் அக்கானியையும் கருப்பட்டியையும் மட்டும் நம்பி எல்லாப் பிள்ளைகளும் இங்கேயே பிழைத்துவிட முடியவில்லை. சென்னைக்குப் போய்க் கடை வைத்தவர்கள் பலர். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வந்து போவதில்தான் அவர்களுக்கும் ஊருக்குமான உறவு நிற்கிறது.

அப்படிப் போனவர்களில் நாடறிந்தவர்கள் இரண்டு சகோதரர்கள். மூத்தவர் குமரி அனந்தன் (1933–2025), 1977-இல் நாகர்கோவில் எம்.பி. ஆனார், மக்களவையில் தமிழில் கேள்வி கேட்கப் போராடியவர். தம்பி வசந்தகுமார் சென்னையில் விற்பனையாளராக வேலை பார்த்து, 1978-இல் வசந்த் அன் கோவைத் தொடங்கினார். வெளியூரான நாங்குநேரியில் 2006-இலும் 2016-இலும் எம்.எல்.ஏ. ஆன பிறகே, 2019-இல் கன்னியாகுமரி எம்.பி. ஆனார். அதே தேர்தலில் அண்ணன் மகள் தமிழிசை தூத்துக்குடியில் பா.ஜ.க. வேட்பாளர். சித்தப்பா கை, மகள் தாமரை.

2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனா வசந்தகுமாரைக் கொண்டுபோனது. உடல் சொந்த ஊருக்கு வந்து இங்கேயே அடக்கமானது. 2021 ஏப்ரல் 6 இடைத்தேர்தலில் காங்கிரஸ் நிறுத்தியது அவருடைய மகன் விஜய் வசந்தை. சென்னையில் தொழிலையும் ‘நாடோடிகள்’ போன்ற படங்களில் நடிப்பையும் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். எதிரே, இதே மாவட்டத்துக்காரரான முன்னாள் மத்திய அமைச்சர் பொன். இராதாகிருஷ்ணன்.

பிழைக்கப் போனவர்களின் வாரிசுகள் தேர்தலில் நிற்பது பிற நாடுகளிலும் உண்டு. ஜப்பானின் ஒக்கினாவாவிலிருந்து ஹவாய்க்குப் பிழைக்கப் போனவர்களின் வழிவந்த டேவிட் இகே, 2014-இல் அந்த அமெரிக்க மாநிலத்தின் ஆளுநராகத் தேர்வானார். அவர் வாக்கு கேட்டது முன்னோர் குடியேறிய மண்ணில். இங்கே நடந்தது நேர்மாறு: போனவரின் மகன் அப்பாவின் ஊருக்கு வந்து வாக்கு கேட்டார். ‘அண்ணாச்சி மகன்’ என்பது பாதி அறிமுகத்தைச் செய்துவிட்டது.

மீதிப் பாதியை அவரேதான் செய்ய வேண்டியிருந்தது. அப்பா சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொகுதியில் மகனுக்குக் கிடைத்தது சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம். 2024-இல் அதே எதிராளியோடு மோதியபோது அது ஏறக்குறைய 1 லட்சத்து 80 ஆயிரமாக ஏறியது.

சொந்தம் பார்த்து மட்டும் வாக்களிக்கிற தொகுதியும் இல்லை இது. விருதுநகரில் பிறந்த காமராசரை 1969 இடைத்தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதும், அப்போது நாகர்கோவில் என்ற பெயரில் இருந்த இந்தத் தொகுதிதான். இன்றைய கன்னியாகுமரித் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். குளச்சல் மீனவரும் விளவங்கோட்டு ரப்பர்த் தோட்டக்காரரும் ஒப்புக்கொள்ளாமல் ஒருவர் டெல்லி போக முடியாது. அகஸ்தீஸ்வரத்தால் வேட்பாளரைக் கொடுக்கத்தான் முடியும்.